கிளார்க்ஸனும் சர்க்கரைக் கிண்ணமும்

தேநீரில் சர்க்கரை கலப்பது ராஜீய விஷயமாகுமா என்று நகைப்பவர் உண்டு. ஆகும் என்று 1791-ம் வருஷத்தை யொட்டி இங்கிலாந்தில் மூன்று லட்சம் ஜனங்கள் தீர்மானித்தார்கள். அத்தொகையை மதிப்பிட்டுச் சொன்னவர் தாமஸ் கிளார்க்ஸன். அடிமை வியாபாரத்தை ஒழித்த கீர்த்தி முழுவதையும் வில்பர்போர்ஸுக்கே சாஸனம் செய்துவிட்ட பாடபுத்தகங்களைப் படித்தவர் நாம். பார்லிமெண்டுக்கு வெளியே நின்று உழைத்த இவருடைய சரித்திரத்தை நம்மவர் அவசியம் அறிய வேண்டும்.

1760-ல் விஸ்பெக் என்னும் ஊரில் ஒரு பாதிரியாரின் புதல்வராய்ப் பிறந்தார். ஒருவரை அவர் சம்மதமின்றி அடிமையாக்குவது நியாயமா என்ற விஷயம்பற்றி 1785-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் லத்தீன் வியாசப் போட்டி நடந்தது. பரிசுக்கு ஆசைப்பட்டே கிளார்க்ஸன் எழுதத் தொடங்கினார். விஷயத்தைத் தேடிப் போனவரை விஷயமே பற்றிக்கொண்டது. பரிசு கிடைத்தது, நித்திரை போயிற்று. லண்டனுக்குக் குதிரைமீது செல்லும் வழியில் வேட்ஸ்மில் அருகே இறங்கி உட்கார்ந்து, தாம் எழுதியதெல்லாம் மெய்யானால் யாரேனும் ஒருவர் இக்கொடுமைக்கு முடிவு தேடவேண்டுமே என்று சிந்தித்தார். அந்த ஒருவர் தாமே என்பது பின்னர் அவருக்கு விளங்கிற்று.

1787 மே 22-ந் தேதி லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் பன்னிருவர் கூடி ஒரு கமிட்டி அமைத்தனர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர்கள். சாட்சியம் திரட்டும் பொறுப்பு கிளார்க்ஸனுடையது. ஏழு வருஷங்களில் 35,000 மைல் சுற்றினார். பிரிஸ்டலிலும் லிவர்பூலிலும் மாலுமிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார். லிவர்பூல் கடையொன்றில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, உண்ண மறுக்கும் அடிமையின் வாயைப் பலவந்தமாய்த் திறக்கும் கருவி ஆகியவை பகிரங்கமாய் விற்கப்படுவதைக் கண்டு, அவற்றை விலைக்கு வாங்கிவந்தார். அத்துறைமுகத்தில் ஒரு கூட்டத்தார் அவரைக் கடலில் தள்ளவும் முயன்றனர். சாட்சியம் என்றால் என்னவென்று வக்கீல் தொழில் செய்யும் எம்மனோர் இவரிடம் கற்கலாம்.

இவ்வளவு சாட்சியமும் இருக்க, 1791 ஏப்ரலில் காமன்ஸ் சபை 163 வோட்டுக்கு 88 வோட்டாக வில்பர்போர்ஸின் பிரேரணையைத் தள்ளிற்று. வோட்டுரிமை இல்லாத ஜனங்கள் என் செய்வது? அவ்வருஷமே வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைவது. அதை வாங்குகிறவனே அக்குற்றத்தின் முதற் காரணன் என்பது அவர் வாதம். வாரம் ஐந்து ராத்தல் சர்க்கரை செலவழிக்கும் குடும்பம் இருபத்தொரு மாதம் அதையும், அதற்கேற்ற அளவு ரம் என்னும் மதுவையும் விலக்கினால், ஒரு மனிதன் அடிமையாவதோ மடிவதோ தடுக்கப்படும் என்று கணக்கும் போட்டார். கணக்கு எவ்வளவு சரியோ, நாம் அறியோம். ஆனால் வீட்டுச் செலவுப் புத்தகத்தில் ஒரு மனித உயிரைப் பதிந்த கணக்கு அது. கிளார்க்ஸன் அப்பிரசுரத்தை ஊர் ஊராய்ப் பரப்பினார். வோட்டில்லாத ஸ்திரீகளுக்கு அடுக்களையில் அதிகாரம் இருந்தது. அதை அவர்கள் உபயோகித்தார்கள். இந்தப் பகிஷ்காரத்தை வெளிப்படையாய் ஆதரிக்க வில்பர்போர்ஸ் தயங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1792-ல் 519 விண்ணப்பங்கள் பார்லிமெண்டில் குவிந்தன. படிப்படியாய் நிறுத்தலாம் என்று காமன்ஸ் சபை தீர்மானித்தது. பிரபுக்கள் சபை காலங் கடத்திற்று. பிரெஞ்சு யுத்தம் மூண்டது. கிளார்க்ஸனின் தேகமும் தளர்ந்து, 1794-ல் ஓய்வுபெற்றார். 1807-ல்தான் அடிமை வியாபாரம் சட்டப்படி நின்றது, அடிமைத்தனமோ நிற்கவில்லை. 1823-ல், தமது அறுபத்து மூன்றாம் பிராயத்தில், மறுபடி ஊர்சுற்றப் புறப்பட்டார். அடுத்த வருஷம் எலிஸபெத் ஹெய்ரிக் என்னும் மாது, படிப்படியாய் என்ற பேச்சே கூடாது, உடனே விடுதலை வேண்டும் என்றெழுதி, மீண்டும் சர்க்கரைப் பகிஷ்காரத்தைக் கிளப்பினார்.

அக்காலத்தில், உள்ளே இருப்பது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் ஆங்கிலேயர் மேஜைகளை அலங்கரித்தன. இந்தியச் சரக்குக்குப் பெருமைதான். ஆயினும் ஒன்றை மறைப்பது தகாது. தஞ்சை வயல்களிலும் மலையாளத்திலும் உழுத ஏழைகள் அப்பொழுதும் அடிமைகளாகவே விற்கப்பட்டனர். நம் முன்னோர் உண்ட சோற்றுக்குப் பாக்ஸைப்போல் கணக்குப் போட்டவர் யார்? 1833-ம் வருஷத்து விடுதலைச் சட்டமும் கம்பெனியின் சீமைகளை விலக்கிவிட்டது. இங்கே சட்டம் வர 1843 ஆயிற்று.

அந்த 1833-ம் வருஷத்துச் சட்டப்படி எஜமானர்களுக்கு நஷ்டஈடு இரண்டு கோடி பவுன். அடிமைகளுக்கு ஒரு காசுமில்லை. தோட்டத்துக்கு ஆள் குறைந்தபோது, 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்கள் நம்மவர்களே. நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது.

கிளார்க்ஸன் 1840-ல், எண்பது வயதில், லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1846 செப்டம்பர் 26-ந் தேதி பிளேபோர்டில் காலமானார். அதற்கு முந்திய மாதந்தான், அந்நிய நாட்டுச் சர்க்கரைக்கும் குடியேற்ற நாட்டுச் சர்க்கரைக்கும் தீர்வையைப் படிப்படியாய்ச் சமமாக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியிருந்தது. கியூபாவிலும் பிரேஸிலிலும் அடிமைகள் விளைத்த சர்க்கரை ஆங்கிலேயர் கிண்ணங்களுக்கு மலிவாய் வந்து சேர்ந்தது. கியூபாவில் 1886-லும் பிரேஸிலில் 1888-லுந்தான் அடிமைத்தனம் ஒழிந்தது.