கோபுரத்துக்கு உழைத்த பியூஜின்

மயிலைச் சாந்தோம் பேராலயத்தையும் இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தையும் தரிசித்தவர்கள், உச்சியில் கூராகச் சேரும் அந்தச் சன்னல்களை மறக்கமாட்டார்கள். கோத்திக் என்னும் அப்பழைய பாணி 19-ம் நூற்றாண்டில் மறுபடி உயிர்பெற உழைத்தவர்களுள் முதன்மையானவர் அகஸ்டஸ் பியூஜின் என்ற ஆங்கிலேயர்.

இவர் 1812 மார்ச் 1-ம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ஓவியர். அவரோடு ஊர் ஊராய்ச் சென்று பழைய ஆலயங்களை அளந்து வரைந்ததே இவருக்குப் படிப்பு. 1835-ல் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். அக்காலத்தில் அது ஆதாயம் தரும் காரியமல்ல. கத்தோலிக்கர் கோவில் வைத்துக்கொள்ள இடங்கொடுத்த 1791-ம் ஆண்டுச் சட்டமே, அக்கோவில்களுக்குக் கோபுரமும் மணியும் கூடாதென்றது. மணியோசை கேட்டுப் பூசைக்குப் புறப்படும் கொல்லிமலை அடிவாரத்து மக்களாகிய நமக்கு இது வியப்பாயிருக்கும். 1829-ல் உரிமைகள் கிடைத்த பின்னும் ஒதுங்கி வாழ்ந்த பழக்கம் எளிதில் போகவில்லை.

ஆகவேதான் சீடில் என்ற சிற்றூரில், ஷ்ரூஸ்பரி பிரபுவின் பொருளுதவியால், 200 அடி உயரக் கோபுரத்துடன் புனித ஜைல்ஸ் ஆலயத்தை எழுப்பினார். 1841-ல் தொடங்கிய வேலை 1846-ல் முடிந்தது. தூண், சுவர், கூரை எங்கும் வண்ணமும் பொன்னும். ஆனால் அலங்காரத்துக்காக எதையும் ஒட்டவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கூரையைத் தாங்கும் மரம் கண்ணுக்குத் தெரியவேண்டும். செங்கல் செங்கல்லாகவே இருக்கவேண்டும். காரையைப் பூசிக் கல்லென்று காட்டுவது ஆண்டவர் இல்லத்தில் பொய் சொல்வதாகும். கோவில் கட்டுகிறவர்கள் இன்றும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் அவரோடு நாம் ஒத்துப்போக முடியாது. பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே சிலுவை தாங்கிய மரத்தட்டி கட்டாயம் வேண்டுமென்றார். அதை விரும்பாத குருக்களோடு கடுமையாக வாதாடினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குருவின் முகம் பார்த்துத் திருப்பலி காணும் நமக்கு அத்தட்டி வேண்டுவதில்லை.

லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் உட்புற வேலைப்பாடும், பிக் பென் மணிக்கூண்டின் வடிவமும் இவருடையவை. புகழில் பெரும்பங்கு சார்லஸ் பாரிக்குப் போயிற்று. இரு மனைவியரை இழந்து மூன்றாவதாக மணந்தவர், எட்டுப் பிள்ளைகள். ஓயாத உழைப்பாளி, கடைசியில் மனநிலை பாதிக்கப்பட்டு, 1852 செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவன்று, 40-ம் வயதில் இறந்தார்.

ராம்ஸ்கேட்டில் தம் வீட்டையடுத்துச் சொந்தப் பணத்தில் கட்டிய புனித அகுஸ்தீனார் ஆலயத்திலேயே அடக்கமானார். அதற்கென அவர் வரைந்த கூர்க்கோபுரம் மட்டும் இன்றளவும் கட்டப்படவில்லை.