புழுவிடம் பாடம் கற்ற என்ஜினீயர்

லண்டன் மாநகரின் நடுவே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேலே படகுகள் போகின்றன. அதே இடத்தில், தண்ணீருக்கும் சேற்றுக்கும் கீழே, ரெயில் வண்டியும் ஓடுகிறது! வண்டியில் இருப்பவர்கள் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறார்கள். தங்கள் தலைக்கு மேலே ஓர் ஆறு ஓடுகிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

அந்தப் பாதை 1843-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. கப்பல்கள் போகும் ஓர் ஆற்றுக்கு அடியில் மனிதன் தோண்டி முடித்த முதல் சுரங்கப் பாதை அதுதான். அதை முடிக்க 18 ஆண்டுகள் ஆயின. ஐந்து முறை ஆறு உள்ளே புகுந்து அடித்தது. உயிர்கள் போயின. பணம் கரைந்தது. ஊர் சிரித்தது.

ஆனாலும் ஒருவர் விடவில்லை. அவர் பெயர் மார்க் புரூனல். ஆற்றுக்கு அடியில் தோண்டும் வித்தையை அவருக்குக் கற்றுக் கொடுத்தது, மரத்தைத் துளைக்கும் ஒரு சின்னஞ்சிறு புழு!

பாதிரியார் ஆக வேண்டியவர்

புரூனல் பிரான்சு நாட்டில், நார்மண்டிப் பகுதியில் உள்ள ஹாக்வில் என்ற கிராமத்தில் 1769-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தார். தந்தை வசதியுள்ள விவசாயி. மூத்த மகனுக்கு நிலம்; இளைய மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். இளைய மகன்தான் மார்க்.

ஆனால் சிறுவனின் மனம் வேதப் புத்தகத்தில் நிற்கவில்லை. தச்சுப் பட்டறையில் நின்றது. கணக்கும் சித்திரமும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாதிரியார் வேலைக்கு இந்தப் பிள்ளை லாயக்கில்லை என்று பள்ளியில் இருந்த பெரியவர்களே கண்டுகொண்டார்கள். மார்க் கப்பற்படையில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் கடலில் கழித்தார்.

அவர் கரைக்குத் திரும்பியபோது பிரான்சில் புரட்சித் தீ எரிந்துகொண்டிருந்தது. 1793-ம் ஆண்டு ஜனவரியில் மன்னரின் தலையையே வெட்டிவிட்டார்கள். புரூனலோ மன்னர் கட்சி. அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். இனி பிரான்சில் இருந்தால் தலை தப்பாது என்ற நிலை வந்தது.

அந்த நாளில்தான் ரூவான் நகரில், உறவினர் வீட்டில், சோபியா கிங்டம் என்ற இங்கிலாந்துப் பெண்ணைக் கண்டார். பிரெஞ்சு மொழி படிக்க வந்தவள் அவள். இருவர் மனமும் ஒன்றாயின. ஆனால் மணம் செய்யக் காலம் இடம் கொடுக்கவில்லை. சோபியாவை விட்டுவிட்டு, புரூனல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

கப்பலில் ஏறிய பிறகுதான் அனுமதிச் சீட்டை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. வழியில் சோதனை வரும் என்ற செய்தி எட்டியது. உடனே, கூட வந்தவர் ஒருவரின் சீட்டை வாங்கிப் பார்த்து, அதைப் போலவே ஒன்றை வரைந்து முடித்தாராம். சோதனை போட்டவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் பழகிய சித்திரம் உயிரைக் காத்தது!

சிறையில் காதலி

சோபியாவின் கதி என்ன? இங்கிலாந்துக்காரி என்ற ஒரே காரணத்துக்காக அவளைச் சிறை வைத்தார்கள். நாள்தோறும் பலரைக் கொலைக்களத்துக்கு அழைத்துச் சென்ற காலம் அது. நாளை தன் முறையோ என்று அவள் நடுங்கிக் கிடந்தாள். 1794-ம் ஆண்டில் ஆட்சி மாறியதால் உயிர் பிழைத்துத் தாய்நாடு திரும்பினாள்.

கடலுக்கு அப்பால் புரூனல் உயர்ந்துகொண்டே போனார். அமெரிக்கக் குடிமகன் ஆனார். நியூயார்க் நகரின் தலைமை என்ஜினீயர் பதவி அவரைத் தேடி வந்தது. ஆனால் மனம் மட்டும் இங்கிலாந்தில் இருந்தது. 1799-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் வந்து இறங்கினார். ஆறு ஆண்டு காலம் பிரிந்திருந்தவர்கள் அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி மணம் செய்துகொண்டார்கள்.

புகழும் கடனும்

அப்போது பாய்மரக் கப்பல் காலம். பாயை ஏற்றவும் இறக்கவும் கயிறு ஓடும் கப்பிகள் வேண்டும். நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தும் ராட்டினம் மாதிரிதான். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கே சுமார் 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. எல்லாம் கையால் செய்தவை.

இதற்குப் புரூனல் இயந்திரங்களை வகுத்தார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் 40-க்கு மேற்பட்ட இயந்திரங்கள் வரிசையாக அமைந்தன. கைதேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்து முடித்தார்கள்! 1808-ம் ஆண்டில் மட்டும் 1,30,000 கப்பிகள் தயாராயின.

ஆனால் இயந்திரம் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பணம் தெரியாது. போர்க்களத்திலிருந்து காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு திரும்பிய சிப்பாய்களைக் கண்டு மனம் இளகி, பூட்ஸ் செய்யும் இயந்திரம் அமைத்தார். அங்கமிழந்த சிப்பாய்களுக்கே அங்கே வேலையும் கொடுத்தார். 1815-ம் ஆண்டில் போர் முடிந்தது. ராணுவத்துக்குப் பூட்ஸ் தேவையில்லாமல் போயிற்று. செய்து குவித்ததெல்லாம் தேங்கிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு அவருடைய மரம் அறுக்கும் ஆலையும் தீக்கு இரையாகி இருந்தது.

கடன் கழுத்தை நெரித்தது. 1821-ம் ஆண்டில் கடனுக்காகப் புரூனலைச் சிறையில் அடைத்தார்கள். ஒரு காலத்தில் தனியாகச் சிறையில் வாடிய சோபியா அம்மையார், இந்த முறை கணவருடன் தாமே சிறைக்குள் போய் இருந்தார். 88 நாட்கள் கழிந்தன. புரூனல் ருசியாவுக்குப் போய்விடக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. இப்படிப்பட்ட மூளையை இழக்கலாமா? அரசாங்கம் 5,000 பவுன் கொடுத்து அவரை மீட்டது.

புழுவின் தந்திரம்

கடலில் கப்பல் புழு என்று ஒன்று உண்டு. பெரிய பெரிய கப்பல்களின் அடிமரத்தைத் துளைத்துச் சல்லடை ஆக்கிவிடும். அந்தப் புழு வேலை செய்யும் விதத்தைப் புரூனல் உற்றுக் கவனித்தார்.

அதன் தலையில் இரண்டு ஓடுகள் உண்டு. அவற்றால் மரத்தை அராவிக்கொண்டு முன்னே போகிறது. பின்னால், தான் குடைந்த துளையின் சுவரில் சுண்ணாம்பு போன்ற ஒன்றைப் பூசிக்கொண்டே வருகிறது. அதனால் துளை மூடிக்கொள்வதில்லை. கொஞ்சம் குடைவது, குடைந்ததை உடனே காப்பது. அவ்வளவுதான் தந்திரம்!

மனிதனும் மண்ணை இப்படிக் குடைந்தால் என்ன என்று புரூனல் யோசித்தார். 1818-ம் ஆண்டில் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவிக்குக் கேடயம் என்று பெயர் வைத்தார்.

தேம்ஸ் ஆற்றின் இரு கரையிலும் துறைமுகங்கள். இந்தக் கரைச் சரக்கு அந்தக் கரைக்குப் போக வேண்டும். பாலம் கட்டலாம் என்றால் உயரமான பாய்மரங்கள் இடிக்கும். ஆற்றுக்கு அடியில் வழி தோண்ட இவருக்கு முன் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டும் தோற்றன. அறிஞர்கள் இது ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த வேலையைத்தான் புரூனல் கையில் எடுத்தார்.

கிணறு இறங்கியது

1825-ம் ஆண்டு மார்ச் மாதம் ராதர்ஹித் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. ஆற்றங்கரையில் 50 அடி அகலம், 42 அடி உயரத்தில் வட்டமாக ஒரு செங்கல் கோபுரம் எழுந்தது. அடியில் இரும்பு வளையம். உள்ளே இருந்த மண்ணை வெட்ட வெட்ட, சுமார் 1,000 டன் எடையுள்ள அந்தக் கோபுரம் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கியது. நம் பக்கத்தில் மணலில் உறைக்கிணறு இறக்குவார்களே, அதே முறைதான்.

கிணற்றின் அடியிலிருந்து ஆற்றை நோக்கிக் கேடயம் புறப்பட்டது. அது ஒன்றை ஒன்று ஒட்டிய 12 இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆக, 36 அறைகளில் 36 ஆட்கள்.

ஒவ்வொருவர் முன்னாலும் மண் சரியாதபடி பலகைகள் முட்டுக்கொடுத்து நின்றன. தொழிலாளி ஒரே ஒரு பலகையை எடுப்பார். அந்த இடத்தில் 4½ அங்குலம் மட்டும் தோண்டுவார். பலகையை உள்ளே தள்ளி முட்டுக்கொடுப்பார். பிறகுதான் அடுத்த பலகை. எல்லாம் முடிந்ததும் சட்டத்தைத் திருகு ஜாக்கியால் முன்னே நகர்த்துவார்கள். பின்னால் கொத்தனார்கள் காத்திருப்பார்கள். உடனே செங்கல் வைத்துச் சுவரும் வளைவும் கட்டிவிடுவார்கள். புழு செய்வதும் இதுதானே!

ஆறு புகுந்தது

மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்பது புரூனலின் கணக்கு. ஆறு வேறு கணக்குப் போட்டது. கெட்டிக் களிமண் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சரளையும் சேறும் வந்தன. லண்டன் சாக்கடையெல்லாம் கலந்த தண்ணீர் மேலிருந்து ஒழுகியது. நச்சுக் காற்றால் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தது. கண் பார்வை மங்கியது. மேற்பார்வை என்ஜினீயரும் நோயில் விழுந்தார். அந்த இடத்துக்குப் புரூனலின் மகன் இசம்பார்டு வந்தார். வயது இருபதுதான்.

1827-ம் ஆண்டு மே 18-ந் தேதி மாலை ஆறு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆட்கள் ஓடித் தப்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் கிணற்றின் அடியில் தத்தளித்தார். இசம்பார்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவரைத் தூக்கி வந்தார்.

ஆற்றின் அடியில் விழுந்த ஓட்டையை எப்படி அடைப்பது? மணியைக் கவிழ்த்தது போன்ற பெரிய கூண்டில் அமர்ந்து இசம்பார்டு ஆற்றுக்குள் இறங்கினார். கூண்டுக்குள் காற்று நிற்பதால் மூச்சு விட முடியும். ஓட்டையின் அளவைப் பார்த்து வந்த பிறகு, களிமண் அடைத்த மூட்டைகளை ஆயிரக்கணக்கில் கொட்டி அடைத்தார்கள். நவம்பர் 10-ந் தேதி சுரங்கத்துக்குள்ளேயே வாத்திய கோஷ்டியுடன் விருந்து நடந்தது. தொழிலாளிகளும் அதில் அமர்ந்து உண்டார்கள்.

இரண்டே மாதம். 1828-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஆறு மறுபடி புகுந்தது. ஆறு தொழிலாளிகள் மாண்டார்கள். வெள்ளம் இசம்பார்டையும் அடித்துக்கொண்டு போயிற்று. கிணற்றின் மேல் வரை தண்ணீர் அவரைத் தூக்கி வந்ததால், மேலே நின்றவர்கள் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள்.

கம்பெனியிடம் பணமும் தீர்ந்தது. சுரங்கத்தின் முனையைச் செங்கல் சுவர் வைத்து மூடினார்கள். பாதிப் பாதை ஏழு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. வேடிக்கை பார்ப்போர் காசு கொடுத்து வந்து பார்த்துப் போனார்கள்.

இரவில் வந்த மண்

புரூனல் ஓயவில்லை. மனு மேல் மனு போட்டார். கடைசியில் அரசாங்கம் கடன் கொடுத்தது. பழையதைவிடக் கனமான புதிய கேடயம் வந்தது. வேலை மீண்டும் தொடங்கியபோது அவருக்கு வயது 65-க்கு மேல்.

சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துக் குடியேறினார். கேடயத்தின் முன்னே எப்படிப்பட்ட மண் வருகிறது என்பதைப் பொறுத்தே 36 பேர் உயிரும் இருந்தது. அதனால் இரவிலும் இரண்டு மணிக்கு ஒரு முறை மண் எடுத்து அவர் படுக்கைக்கு அனுப்பினார்கள். விழித்து, விளக்கில் பார்த்து, செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடி படுப்பார். ஆறு இன்னும் மூன்று முறை புகுந்தது. மேலும் உயிர்ச் சேதமும் நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அடைத்துவிட்டு, அங்குலம் அங்குலமாக முன்னேறினார்கள்.

1841-ம் ஆண்டில் விக்டோரியா மகாராணி அவருக்குச் சர் பட்டம் வழங்கினார். அடுத்த ஆண்டு பக்கவாதம் தாக்கி அவருடைய வலது பக்கம் செயலிழந்தது. என்றாலும் 1843-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி பாதை திறக்கப்பட்டபோது, 73 வயதுப் புரூனல் அதைக் கண்ணாரக் கண்டார்.

நீளம் சுமார் 1,300 அடி. அகலம் 35 அடி. உயரம் 20 அடி. உள்ளே இரட்டை வளைவு மண்டபம் போல ஒரே வரிசையாகப் போகும். 15 வாரங்களுக்குள் 10 லட்சம் பேர், தலைக்கு ஒரு பென்னி கொடுத்து, ஆற்றின் அடியில் நடந்தார்கள். வளைவுகளுக்கு இடையில் கடைகள்கூட முளைத்தன.

ஆனால் வண்டிகள் இறங்கச் சாய்வுப் பாதை கட்டப் பணம் இல்லை. சரக்கு வண்டிகளுக்காகத் தோண்டிய பாதையில் சரக்கு வண்டி ஒன்றும் போகவில்லை. அந்தக் குறையோடுதான் 1849-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி புரூனல் கண்ணை மூடினார்.

அவர் இறந்து சுமார் 16 ஆண்டுகள் சென்றன. ஒரு ரெயில் கம்பெனி சுரங்கத்தை வாங்கியது. வண்டிகள் போவதற்காக அவர் விட்டிருந்த உயரமும் அகலமும் ரெயிலுக்குப் பொருந்திவிட்டன. 1869-ம் ஆண்டு டிசம்பரில் முதல் ரெயில் ஓடியது. இன்றும் ஓடுகிறது.

அவருடைய கேடயமும் சாகவில்லை. வட்ட வடிவம் பெற்று, பின்னால் மின்சார பலமும் பெற்று, ராட்சத இயந்திரமாக வளர்ந்துவிட்டது. சென்னையில் மெட்ரோ ரெயிலுக்குப் பூமியைக் குடைந்ததும், கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் பாதை போட்டதும் அந்தக் குலத்து இயந்திரங்களே. 2024-ம் ஆண்டு முதல் ஹூக்ளிக்கு அடியிலும் ரெயில் ஓடுகிறது.

இன்றைய இயந்திரமும் கொஞ்சம் குடைகிறது, குடைந்த இடத்துக்கு உடனே சுவர் வைக்கிறது, பிறகுதான் நகர்கிறது. கப்பல் புழு காட்டிய வழி அது. அந்த வழியில் 1,300 அடி போவதற்கு ஒரு மனிதர் 18 ஆண்டுகள் பொறுத்திருந்தார்.