கோலாருக்கு மாட்டு வண்டியில் போனவர்

பல்கலைக்கழகத்தில் முதல் பருவக் கட்டணத்திற்காக அம்மா தம் இரண்டு வளையல்களைக் கெப்பாலா பத்தாஸில் அடகு வைத்தார். அன்று இரவு பாட்டி ஒரு செய்தி சொன்னார். வட ஆற்காட்டிலிருந்து அவருடைய அப்பா பினாங்குக்குக் கப்பலேறினாராம். பெரியப்பாவோ கோலார் தங்கவயலுக்குப் போனாராம். தம்பி பால்மரம் வெட்ட, அண்ணன் தங்கம் வெட்ட! வரலாற்றுப் பாடத்தில் ஈயச் சுரங்கங்களை மட்டுமே மனப்பாடம் செய்த எனக்குக் கோலார் புதிது. தேடிப் படித்தபோது அறிமுகமானவர்தான் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல்.

லவெல் அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படைவீரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் ஈடுபட்டவர். ஓய்வு பெற்றபின் பெங்களூரில் குடியேறினார். தங்க ஆசை நியூசிலாந்திலேயே அவரைத் தொற்றிக்கொண்டது. பெங்களூரில் சும்மா இருந்த நாள்களில், ஜான் வாரன் என்ற அதிகாரி 1804இல் எழுதிய சிறு கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் எல்லைகளை அளக்க வந்தவர் வாரன். தங்கம் இருப்பதைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். கிராம மக்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னே அலசித் தங்கத் துகள்களைக் காட்டினர். அகல் விளக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் தவழ்ந்து மண் எடுத்த மக்கள் அவர்கள். ஆகவே, கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று லவெலைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்தது வேறு.

1871இல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மாட்டு வண்டியில் பயணம் செய்து கோலாரை அடைந்தார். இரண்டாண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, 1873இல் மைசூர் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். அதிகாரிகளுக்குத் தங்கத்தில் நம்பிக்கையில்லை. வேண்டுமானால் நிலக்கரி தேடிக்கொள்ளட்டும் என்றனர். அவர் விடவில்லை. 1875 பிப்ரவரி 2ஆம் நாள் இருபதாண்டுக் குத்தகை கிடைத்தது.

சிக்கலே அதற்குப் பிறகுதான். ஆற்று மணலில் உள்ள தங்கத்திற்கு ஒரு டூலாங் தட்டு போதும். கோலார் தங்கமோ பாறைக்குள் இருந்தது. குழி வெட்ட வேண்டும், வெடி வைக்க வேண்டும், ஊறும் நீரை இறைக்க வேண்டும், கல்லைப் பொடியாக இடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற வீரரின் சேமிப்பு இதற்கு எந்த மூலைக்கு? பாறையைத் தோண்டியதைவிடப் பணக்காரர்களின் கதவைத் தட்டியதே அவருக்கு அதிகம். கடைசியில் 1877இல் உரிமை பெரஸ்ஃபோர்டு என்ற இராணுவ அதிகாரிக்கும் அவருடைய நண்பர்களுக்கும் கைமாறியது. அவர்களாலும் தனித்துச் சமாளிக்க முடியவில்லை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. பங்குதாரர்களின் பணமும் வந்தது. அந்தப் பணமும் ஏறக்குறையக் கரைந்த நிலையில்தான் சாம்பியன் படிவம் அகப்பட்டது. (நம் நாட்டில், பகாங்கின் ரவூப்பில், 1889இல் சுரங்கத் தொழிலில் இறங்கிய வில்லியம் பிப்பியும் குவீன்ஸ்லாந்துப் பங்குதாரர்களை நம்பித்தான் இறங்கினார்.)

அதன்பின் கோலார் வளர்ந்த வேகம் வியப்பானது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். பாறை வெடித்துச் சிதறியும், கல் தூசு நுரையீரலில் படிந்தும் இறந்தவர்கள் ஏராளம். சுமார் 800 டன் தங்கம் தந்த அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.

பெங்களூரில் லவெல் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. நகரின் விலையுயர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. கையில் காசில்லாமல் உரிமையை விட்டவருக்குச் சாலையாவது கிடைத்தது. பாட்டியின் பெரியப்பா ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது இருமலைத்தான் என்கிறார் பாட்டி.

அம்மாவின் வளையல்கள் இன்னும் கடையில்தான் உள்ளன. ஆறு மாதத்திற்கு ஒருமுறை வட்டி கட்டி, சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். எனக்கு இன்னும் இரண்டு பருவங்கள் பாக்கி.