மேசையாக மாறிய கட்டில்

குழந்தைகளே! இரவில் படுத்துறங்கும் கட்டிலைக் காலையில் மடித்தால், அதுவே வீட்டுப்பாடம் எழுதும் மேசையாகிவிடும் என்றால் நம்புவீர்களா? 1880-களிலேயே அப்படி ஒரு கட்டிலை வடிவமைத்தவர், சாரா கூட் என்ற அமெரிக்கப் பெண்மணி.

சாரா, 1850-களில் பிறந்த கறுப்பினப் பெண். அந்நாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஆடு மாடுகளைப் போலச் சந்தையில் விற்றார்கள். 1865-இல்தான் அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது. சாராவின் கணவர் ஆர்ச்சிபால்டு, மரப்படிக்கட்டுகள் அமைப்பதில் கைதேர்ந்தவர். சிகாகோ நகரில் சாரா மரச்சாமான் கடை நடத்தினார்.

சிகாகோ அப்போது எவ்வளவு வேகமாக வளர்ந்தது தெரியுமா? 1870-இல் சுமார் 3 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1890-இல் 10 லட்சத்தையும் தாண்டிவிட்டது. பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் சின்னஞ்சிறு அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. மேசை போட்டால் படுக்க இடமில்லை.

இந்தச் சிக்கலைத்தான் சாரா தீர்த்தார். அவருடைய கட்டில், கீல்களில் மடங்கும் பகுதிகளால் ஆனது. மடித்துவிட்டால் எழுதுமேசை. காகிதம், பேனா வைக்கச் சிறு அறைகளும் அதில் உண்டு! ஆனால் கனமான கட்டிலைத் தினமும் தூக்கி மடிப்பது எளிதா? சோதனைச்சாவடியில் தடுப்புக் கம்பத்தின் ஒரு முனையில் பாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஒருவரே அதை எளிதாக உயர்த்திவிடுகிறார். அதுபோல, மடங்கும் பகுதிகளின் கனத்தை ஈடுகட்டவும் சாரா வழி செய்தார். விரித்த கட்டில் நடுவில் தொய்ந்துவிடாதிருக்க, தானாகவே வந்து தாங்கும் ஒரு முட்டும் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த முட்டுதான்!

1883-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1885 ஜூலை 14 அன்று அது கிடைத்தது. எண் 3,22,177. காப்புரிமை என்றால், அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு தரும் உரிமை. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்ததே 1920-இல்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவரே என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். அது சரியல்ல. 1884-லேயே ஜூடி ரீட் என்ற பெண்மணி, மாவு பிசையும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

சாரா 1905-இல் காலமானார். அதன் பிறகு, வில்லியம் மர்பி என்பவரின் சுவரோடு மடங்கும் கட்டில் உலகெங்கும் புகழ்பெற்றது. சாராவின் பெயரோ நெடுங்காலம் பேசப்படவில்லை. 2012-இல் சிகாகோவில் அறிவியலும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் திறந்தபோது, அதற்குச் சாரா கூட் பெயரைச் சூட்டினார்கள்.