காட்சி படைத்த கலைஞர் – இனிகோ ஜோன்ஸ்

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தளிக்கும் கலை. ஆயினும், 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொது அரங்குகளில் காட்சியமைப்பு மிகக் குறைவு. காடும் கடலும் பெரும்பாலும் புலவர் சொல்லிலேயே தோன்றின. அந்நாட்டு மேடைக்குப் புதுவடிவம் தந்தவர் இனிகோ ஜோன்ஸ்.

இவர் 1573ஆம் ஆண்டு இலண்டனில் துணித்தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் இத்தாலி சென்று கலைகளைக் கற்றறிந்தார். அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் இயல்பைப் பயன்படுத்தி, சிறு மேடையில் பெருநிலத்தைக் காட்டும் நுட்பம் அங்கே செழித்திருந்தது.

1605ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கு வருகை புரிந்தார். அவர்முன் மூன்று இலத்தீன் நாடகங்களும் ஓர் ஆங்கில நாடகமும் நடிக்கப்பெற்றன. கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மண்டபத்தில் மேடை அமைக்கும் பணிக்கு ஜோன்ஸ் அழைக்கப்பட்டார். ஓவியம் தீட்டிய சுழலும் தூண்களாலும் வண்ணத் திரைகளாலும் ஒரே துன்பியல் நாடகத்தில் மேடை மும்முறை உருமாறியது.

மன்னரின் இருக்கை குறித்துப் பூசல் எழுந்தது. அத்தகைய காட்சி, ஏற்ற இடத்திலிருந்து காண்போர்க்கே முழுமையாகப் புலப்படும். அதற்கேற்ப இருக்கை இடப்பட்டிருந்தது. அவையோர் மன்னரின் முகத்தை நன்கு காண இயலாது என அரசவைப் பெருமக்கள் மறுத்தனர். பல்கலைக்கழகத்தார் தம் அமைப்பின் நுட்பத்தை எடுத்துரைத்தும் பயனில்லை. இருக்கை மேடையிலிருந்து 28 அடி தொலைவிற்கு மாற்றப்பட்டது. விளைவாக, நீண்ட உரைகள் பலவும் மன்னரின் செவிக்குத் தெளிவாக எட்டவில்லை. ஜோன்ஸின் பணி எதிர்பார்த்த அளவு அமையவில்லை என்றே அக்காலக் குறிப்பொன்று கூறுகிறது.

அக்குறையால் அவர் தளர்ந்துவிடவில்லை. 1640ஆம் ஆண்டுவரை அரசவைக் கூத்துகளுக்குக் காட்சிகள் அமைத்தார். இருபுறமும் நகரும் ஓவியத் தட்டிகளைப் பொருத்தி, காண்போர் கண்முன்னேயே காட்சியை மாற்றினார். நாடகத்திற்கு உயிர் சொல்லா காட்சியா என்னும் கேள்வியால் அவருக்கும் கவிஞர் பென் ஜான்சனுக்கும் இடையே இருந்த நட்பு முறிந்தது. ஆக்ஸ்போர்டு மண்டபத்தில் கண்ணுக்கும் செவிக்கும் இடையே எழுந்த சிக்கலே இவ்வாறு அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது எனலாம்.

கட்டடக் கலைஞராகவும் பெரும்புகழ் எய்திய ஜோன்ஸ் 1652ஆம் ஆண்டு மறைந்தார். அவர் அமைத்த மேடைகள் கலைக்கப்பட்டன. அவற்றுக்காக வரைந்த ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் பேணப்படுகின்றன.