வியட்நாம் போருக்கு வழிவிட்டவரே அந்தப் போரை விசாரித்த கதை: யார் இந்த ஃபுல்பிரைட்?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ முயற்சி செய்பவர்களுக்கு ஃபுல்பிரைட் என்றால் ஒரு ஸ்காலர்ஷிப். விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல், விசா. அந்தப் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது இவ்வளவுதான். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். 30 ஆண்டுகள் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்திருந்தவர். அதில் 1959 முதல் 1974 வரை செனட்டின் வெளியுறவுக் குழுவுக்குத் தலைவர். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாருமில்லை.

வியட்நாம் போருக்கான அனுமதியை செனட்டில் நிறைவேற்றிக் கொடுத்தவர் அவர்தான். பிறகு அதே போரை நாடே பார்க்க டிவி கேமரா முன்பு விசாரித்தவரும் அவர்தான். வெளியுறவுக் கொள்கையில் ஒரு நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, அது எப்படிக் கைநழுவும், நழுவியதைத் திரும்பப் பிடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை இவருடைய வாழ்க்கையை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் விதிமுறை என்ன?

ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, நாடாளுமன்றம். செனட், பிரதிநிதிகள் சபை என அதற்கு இரண்டு அவைகள்.

போரை அறிவிக்கும் அதிகாரத்தை அந்த நாட்டு அரசமைப்புச் சட்டம் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தூதர் நியமனத்துக்கும் செனட் ஒப்புதல் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கஜானா சாவி காங்கிரஸ் கையில். படைகளுக்குத் தலைமைத் தளபதி மட்டும் அதிபர்.

இது வெறும் ஏட்டுச் சட்டமாக இருக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் அதிபர் வுட்ரோ வில்சன் பாரிஸில் மாதக்கணக்கில் தங்கிப் பேசி முடித்துக் கொண்டுவந்த வெர்சாய் ஒப்பந்தத்தை, 1919-லும் 1920-லும் செனட் நிராகரித்தது. வில்சனே கனவு கண்ட சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேரவே இல்லை. செனட் கை உயர்த்தாவிட்டால் அதிபரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் தேடத் தேவையில்லை.

ஆர்கன்சாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு

ஜேம்ஸ் வில்லியம் ஃபுல்பிரைட் 1905 ஏப்ரல் 9 அன்று மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது ஆர்கன்சா மாநிலத்தின் ஃபயட்வில் என்ற ஊரில். வசதியான குடும்பம். அம்மா ராபர்ட்டா உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். யாருக்கும் பயப்படாமல் எழுதக்கூடியவர். ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு போன பிள்ளைக்கு அதுவரை கடலைக் கடந்து ஓர் உலகம் இருப்பது பாடப்புத்தகத்தில்தான் தெரியும். அங்கே கழிந்த மூன்று ஆண்டுகள் ஆளையே மாற்றிவிட்டன.

1939-ல், 34 வயதில், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். இரண்டே ஆண்டுகளில் வேலை போனது. காரணம் அம்மாவின் பத்திரிகை. அது ஹோமர் அட்கின்ஸ் என்ற அரசியல்வாதியை விடாமல் தாக்கி எழுதியது. அவர் ஆளுநராக ஜெயித்து வந்ததும் மகனைத் தூக்கிவிட்டார். ஃபுல்பிரைட் அரசியலுக்கு வர இதுவே வழியானது. 1942-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1944-ல் செனட்டுக்கான கட்சித் தேர்தலில் அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர் அதே அட்கின்ஸ்.

சபைக்குள் நுழைந்த முதல் ஆண்டிலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். போர் முடிந்த பிறகு அமைதியைக் காக்க ஒரு சர்வதேச அமைப்பு வேண்டும், அமெரிக்கா அதில் சேர வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்மானம் 1943 செப்டம்பரில் 360-29 என்ற கணக்கில் நிறைவேறியது. வில்சனுக்கு நடந்த கதி மறுபடி நடக்காது என்று உலகத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் முன்கூட்டியே கொடுத்த உறுதி அது.

ஸ்காலர்ஷிப் சட்டம் அதைவிட சாமர்த்தியமானது. போர் முடிந்தபோது உலகம் முழுக்க அமெரிக்காவின் லாரிகள், உணவுப் பொருட்கள், தளவாடங்கள் தேங்கிக் கிடந்தன. வாங்கத் தயாராக இருந்த நாடுகளிடம் டாலர் இல்லை. சரி, உள்ளூர்ப் பணமாகவே கொடுங்கள், அதை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்றார் ஃபுல்பிரைட். கஜானாவிலிருந்து புதிதாகக் காசு கேட்கவில்லை என்பதால் சத்தமில்லாமல் மசோதா தாண்டிவிட்டது. 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். 1950-ல் இந்தியாவும் இதில் சேர்ந்தது. இப்போது இங்கே அதன் பெயர் ஃபுல்பிரைட்-நேரு.

மறைக்க முடியாத கறை

கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைப் பார்த்து வாஷிங்டனே நடுங்கிய காலம் உண்டு. 1954-ல் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்கு நிதி ஒதுக்கும் வாக்கெடுப்பில் எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அது ஃபுல்பிரைட்டின் ஓட்டு.

அதே மனிதர் 1956-ல் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிப்பதை எதிர்த்து தென் மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். 1964 குடியுரிமைச் சட்டத்தையும் 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். ஆர்கன்சா வெள்ளையின வாக்காளர்களை இழந்தால் செனட் இடம் போய்விடும் என்ற கணக்கு அது. உலக அமைதியைப் பற்றிப் பேசியவர், சொந்த மாநிலத்துக் கறுப்பின மக்களின் விஷயத்தில் தைரியத்தைக் கழற்றி வைத்துவிட்டார். 1960-ல் கென்னடி இவரை வெளியுறவு அமைச்சராக்க யோசித்து, பிறகு கைவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமைச்சர் ஆகாவிட்டாலும் ஆலோசனை சொல்வதை விடவில்லை. கியூபாவில் ரகசியமாகப் படையெடுக்கும் திட்டம் வேண்டாம் என்று 1961-ல் கென்னடியிடம் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் நிறைந்த கூட்டத்தில் நேரிலும் எதிர்த்தார். கென்னடி கேட்கவில்லை. பன்றிகள் வளைகுடாவில் அந்தத் திட்டம் மூன்று நாட்களில் கவிழ்ந்தது.

அந்த ஆகஸ்ட் வாரம்

1964 ஆகஸ்ட் 2. வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. 4-ம் தேதி இரண்டாவது தாக்குதல் நடந்ததாகத் தகவல் வந்தது. வட வியட்நாம் மீது குண்டு வீச உத்தரவிட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க காங்கிரஸிடம் அனுமதி கேட்டார்.

ஜான்சனும் ஃபுல்பிரைட்டும் நீண்ட கால நண்பர்கள். மூன்று மாதத்தில் அதிபர் தேர்தல். எதிரில் நின்ற பேரி கோல்ட்வாட்டர் போர் வெறியர் என்பது ஃபுல்பிரைட்டின் பயம். நண்பர் ஜெயிக்க வேண்டும், அதற்கு அவர் உறுதியானவராகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துத் தீர்மானத்தை செனட்டில் தானே முன்னின்று நடத்தினார்.

குழு விசாரணை இரண்டு மணி நேரம்கூட நடக்கவில்லை. இது போருக்கான அனுமதியாகாதா என்று சிலர் கேட்டார்கள். கென்டக்கி செனட்டர் ஜான் ஷெர்மன் கூப்பர் நேரடியாகவே கேட்டார். வார்த்தைப்படி பார்த்தால் அப்படித்தான் என்று ஃபுல்பிரைட்டே ஒப்புக்கொண்டார். விஸ்கான்சின் செனட்டர் கேலார்ட் நெல்சன், போரை விரிவாக்கும் எண்ணம் இல்லை என்று ஒரு திருத்தம் சேர்க்கப் பார்த்தார். திருத்தினால் மறுபடி இரு அவைகளும் பேச வேண்டும், தாமதமாகும் என்று ஃபுல்பிரைட் தடுத்துவிட்டார். அந்தத் திருத்தம் சேர்ந்திருந்தால் பின்னால் வாதாட ஒரு பிடிமானமாவது இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 7 அன்று தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பே இல்லை. செனட்டில் 88-2. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங்.

இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. மேடாக்ஸ் உளவுத் தகவல் சேகரிக்கப் போன கப்பல் என்பதும், அதே பகுதியில் வட வியட்நாம் கரையில் ரகசியத் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்தன என்பதும் செனட்டுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

தேர்தலில் ஜான்சன் அமோகமாக ஜெயித்தார். அதற்குப் பிறகு அந்தத் தீர்மானத்தைக் காட்டியே படைகளை அனுப்பினார். 1964 முடிவில் சுமார் 23,000 ஆக இருந்த படைபலம் அடுத்த ஆண்டு முடிவில் 1,84,000. உச்சத்தில் 5 லட்சத்தைத் தாண்டியது. முறையான போர் அறிவிப்பு என்று ஒன்று வரவே இல்லை.

கேமரா முன் போர்

1965-ல் டொமினிக்கன் குடியரசுக்கு ஜான்சன் படை அனுப்பினார். அதற்குச் சொன்ன காரணங்களைக் குழு துருவியபோது கணக்கு உதைத்தது. செப்டம்பரில் ஃபுல்பிரைட் செனட்டில் எழுந்து வெளிப்படையாக விமர்சித்தார். நட்பு அத்தோடு முடிந்தது. வெள்ளை மாளிகை அழைப்புகள் நின்றன.

ஒரு குழுத் தலைவரால் படையைத் திரும்ப அழைக்க முடியாது. என்ன செய்ய முடியும்? கேள்வி கேட்க முடியும். வெளிநாட்டு உதவிக்காக அரசு கூடுதல் நிதி கேட்ட மசோதா ஒன்று 1966 தொடக்கத்தில் குழுவுக்கு வந்தது. வழக்கமாக யாரும் கவனிக்காத சமாச்சாரம். அதைச் சாக்காக வைத்து வியட்நாம் போர் முழுவதையும் விசாரணைக்கு எடுத்தார் ஃபுல்பிரைட், டிவி நேரலையோடு. வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் வந்தார். கம்யூனிசத்தைக் கட்டுக்குள் வைக்கும் கொள்கைக்கே மூலவரான ஜார்ஜ் கென்னன் வந்து, அமெரிக்கா இதில் சிக்கியிருக்கவே வேண்டாம் என்றார். தாடி வைத்த மாணவர் யாராவது சொல்லியிருந்தால் தள்ளிவிடலாம். கென்னனை அப்படித் தள்ள முடியவில்லை.

ஜான்சன் அவசரமாக ஹோனலுலுவில் ஒரு மாநாடு வைத்துப் பார்த்தார், கவனத்தைத் திருப்ப. கென்னன் பேசிய நேரத்தில் சிபிஎஸ் சேனல் நேரலையை விட்டுவிட்டு 'ஐ லவ் லூசி' பழைய எபிசோடைப் போட்டது. அதை எதிர்த்து அந்தச் சேனலின் செய்திப் பிரிவுத் தலைவர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி ராஜினாமா செய்தார். போரை எதிர்ப்பது தேசத்துரோகம் ஆகாது, செனட்டிலேயே அதைப் பேசுகிறார்கள் என்பது நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

1968 பிப்ரவரியில் டோன்கின் சம்பவத்தையே மறுவிசாரணைக்கு எடுத்து, பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவைக் குடைந்தார். தான் முன்னின்று நிறைவேற்றிய தீர்மானத்தின் அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்த விசாரணை அது.

சாவியைத் திரும்ப வாங்கியது எப்படி?

மெதுவாகத்தான். அவைகளின் ஒப்புதல் இல்லாமல் அதிபர் வெளிநாட்டுக்கு ராணுவ வாக்குறுதி தரக் கூடாது என்று 1969-ல் செனட் 70-16 என்று தீர்மானித்தது. சட்டபலம் இல்லாத தீர்மானம்தான். டோன்கின் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. அதிபர் நிக்சன் அசரவில்லை. தலைமைத் தளபதி என்ற அதிகாரமே போதும் என்று போரைத் தொடர்ந்தார். அனுமதியைத் திரும்பப் பெற்றால் போர் நின்றுவிடும் என்று நினைத்தவர்களுக்கு அது கசப்பான பாடம்.

கடைசியில் வேலை செய்தது கஜானாதான். கம்போடியாவுக்குத் தரைப்படை அனுப்பப் பணம் கிடையாது என்ற சட்டத்தை 1970 இறுதியில் கொண்டுவந்தவர்களில் ஒருவர், அன்று கேள்வி கேட்ட அதே கூப்பர். 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் குண்டு வீசவும் பணம் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நிக்சனின் வீட்டோவையும் மீறிப் போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது: படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸிடம் சொல்ல வேண்டும்; ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் திரும்ப அழைக்க வேண்டும். அதன் பிறகு வந்த அதிபர்கள் பலர் இதைச் சுற்றிப் போக வழி தேடியது தனிக் கதை.

வியட்நாமில் இறந்த அமெரிக்க வீரர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்களின் சாவு லட்சக்கணக்கில்.

உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவரை ஆர்கன்சா வாக்காளர்கள் 1974 கட்சித் தேர்தலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாநிலத்தைக் கவனிக்கவில்லை என்ற கோபம். எதிர்த்து நின்ற ஆளுநர் டேல் பம்பர்ஸ் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான வாக்குகளை அள்ளிக்கொண்டு போனார்.

வெளியுறவுக் குழு அலுவலகத்தில் 1960-களில் எழுத்தர் வேலை பார்த்த ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். ஆர்கன்சாக்காரர். பெயர் பில் கிளிண்டன். 1993-ல் அதிபராக அவர்தான் ஃபுல்பிரைட்டுக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதை அளித்தார். 1995 பிப்ரவரி 9 அன்று, 89 வயதில், வாஷிங்டனில் ஃபுல்பிரைட் இறந்தார். ஃபயட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் அவரது சிலையை, அந்த 1956 கையெழுத்துக்காக அகற்ற வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் மாணவர்கள் கேட்டார்கள். சிலை அங்கேயேதான் இருக்கிறது.