தமிழில் உடற்கூறு தந்த மருத்துவர்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற அவர், 1847இல் கப்பலேறி இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அமெரிக்க இலங்கை மிஷன் அவரை அனுப்பியிருந்தது. மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

நோயாளிகள் திரண்டு வந்தனர். ஒருவர் கைகளால் அவ்வளவு பேருக்கும் மருத்துவம் செய்வது இயலாது என்பதால், உள்ளூர் இளைஞர்களுக்கு அவர் மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்றவரோ அரசுப் பணியை நாடி ஊரை விட்டுச் செல்லக்கூடியவர். கிராமத்தில் தங்கி, கிராம மக்களின் மொழியில் பேசும் மருத்துவரே கிரீனுக்குத் தேவைப்பட்டார். ஆகவே தாமே தமிழ் கற்றார். பின்னாளில் மருத்துவப் பாடம் முழுவதையும் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றுவது எளிதாக இருந்ததா? தமிழ் மருத்துவ மரபு பழமையானது. எனினும் மேலைநாட்டு உடற்கூற்றியலைக் கற்பிக்கத் தமிழில் பாடநூல் இல்லை. சான்றாக, முலுண்டில் மின்தொடர்வண்டி ஏறுபவர் மேலே உள்ள கைப்பிடியைப் பற்றும் செயலை எண்ணிப் பார்க்கலாம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் பொருந்திப் பல திசைகளிலும் சுழல்கிறது. முழங்கை கதவின் கீலைப்போல மடங்கி நீள்கிறது. எலும்பு தானாக அசைவதில்லை. மூட்டைக் கடந்து அதனைப் பற்றியிருக்கும் தசை சுருங்கும்போது எலும்பு நெம்புகோலாக எழுகிறது. தசையால் இழுக்கத்தான் இயலும், தள்ள இயலாது. ஆதலால் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட வேறொரு தசையும் வேண்டும். வளர்ந்தவர் உடலில் உள்ள எலும்புகள் 206. ஒவ்வொன்றுக்கும், அதன் மேடு பள்ளங்களுக்கும், அதனைப் பற்றும் தசைக்கும் பெயர் வேண்டுமல்லவா?

கிரீன் அஞ்சவில்லை. தம் மாணவர்களின் துணையோடு கட்டர் என்பவரின் உடலியல் நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடலின் செயல்களை விளக்கும் கலைக்குச் சுகரணவாதம் என்றும் பெயர் வழங்கினார். வேதியியலை மட்டும் கெமிஸ்தம் என்றே அழைத்தார். இன்று அப்பெயர்கள் வழக்கில் இல்லை. சில, இக்காலச் செவிக்குக் கடினமாகவே ஒலிக்கின்றன. ஆயினும் முதலில் வழி வெட்டியவரிடம் செம்மையான சாலையை எதிர்பார்த்தல் முறையன்று.

லண்டனில் ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1858இல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் நூலாயிற்று. அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றுக்கும் நூல்கள் வந்தன. அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர்.

1873இல் கிரீன் தாயகம் திரும்பினார். கடல் பல கடந்து வந்தும் தமிழ்நூற்பணியை விடவில்லை. 1884இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் குறிப்பைத் தம் கல்லறையில் பொறிக்குமாறு அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.